சனி கிரகத்தில் எடை ஏன் 95 மடங்கு ஆகாது?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "என் மகன் கிரேட் 7 படிக்கிறான். கிரகங்களின் ஈர்ப்பு பற்றிப் பள்ளியில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். சனி கிரகத்தின் நிறை பூமியைப் போல 95 மடங்கு என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் அங்கே நம் எடையும் 95 மடங்கு ஆகுமா என்று பார்த்தால், கிட்டத்தட்ட இங்கே உள்ள எடைதான் என்று இன்னொரு புத்தகம் சொல்கிறது. அதிலும் ஒரு அட்டவணையில் 1.06 மடங்கு, இன்னொன்றில் 0.92 மடங்கு. எதை எழுதுவது? யாருமே போகாத இடத்தில் இதை எப்படி அளந்தார்கள்? வியாழனில் இறங்கினால் நசுங்கிவிடுவோமா என்றும் கேட்கிறான்."

அந்த இரண்டு எண்களும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று புரிந்துவிட்டால், மற்ற கிரகங்களின் கணக்கு தானாகப் பிடிபட்டுவிடும். அதனால் கொஞ்சம் நீட்டித்தே எழுதுகிறேன். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நிறை, எடை இரண்டையும் பிரித்துக்கொள்வோம். ஒரு பொருளுக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது நிறை. அந்தச் சரக்கை நாம் நிற்கும் கிரகம் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது எடை. குளியலறையில் இருக்கும் எடை மெஷின் அளப்பது இந்த இழுப்பைத்தான். பூமியின் கணக்கில் அதை மாற்றிக் கிலோவாகக் காட்டுகிறது. பழைய கடைகளில் இருந்த இரட்டைத் தட்டுத் தராசு வேறு வகை. ஒரு தட்டில் பருப்பு, மறுதட்டில் படிக்கல். அந்தத் தராசை நிலாவுக்கே கொண்டுபோனாலும் ஒரு கிலோ பருப்புக்கு ஒரு கிலோ படிக்கல்தான் சரியாக நிற்கும், ஏனென்றால் நிலா இரண்டையும் ஒரே அளவு குறைவாக இழுக்கும். இனிமேல் நான் எடை என்று சொல்வதெல்லாம் குளியலறை மெஷின் காட்டும் எண்.

பையனுக்கு 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதே மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால் நிலாவில் ஆறரைக் கிலோவுக்குச் சற்று மேல் காட்டும். புதனில் 15, செவ்வாயிலும் 15. வெள்ளியில் 36, யுரேனஸிலும் 36. சனியில் 42 அரை, நெப்டியூனில் 45 அரை. வியாழனில் மட்டும் எகிறி 101 ஆகிவிடும். வெளியில் இருக்கும் நான்கு பெரிய கிரகங்களுக்கும் சுழற்சியைக் கணக்கில் எடுக்காத எண்கள் இவை; அந்தச் சங்கதிக்கு அப்புறம் வருகிறேன்.

இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியக் குடும்பத்தின் எட்டு கிரகங்களில் மிகச் சிறியதான புதன் பூமியின் நிறையில் 18-ல் ஒரு பங்கு. மிகப் பெரியதான வியாழன் பூமியைப் போல 318 மடங்கு. நிறையில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும், மேற்பரப்பு ஈர்ப்பு 0.38 மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரைக்குள் அடங்கிவிடுகிறது. வெள்ளி, பூமி, சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய ஐந்தும் பூமியின் ஈர்ப்புக்குப் பத்து பதினைந்து சதவீதம் முன்னே பின்னே நிற்கின்றன. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

காரணம் தூரம். கோள வடிவமான ஒரு பொருள், தன் நிறை முழுவதும் நடுமையத்தில் குவிந்திருப்பது போலத்தான் வெளியில் இருப்பவற்றை இழுக்கும் என்று நியூட்டன் நிரூபித்தார். இழுப்பு நிறைக்கு ஏற்பக் கூடும். மையத்திலிருந்து நாம் நிற்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. சனியின் நிறை பூமியைப் போல 95 மடங்கு, சரி. ஆனால் அதன் நடுக்கோட்டு ஆரம் பூமியைப் போல 9.45 மடங்கு. 9.45-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 89 சொச்சம். 95-ஐ அதனால் வகுத்தால் 1.06. அட்டவணையில் இருக்கும் முதல் எண் இதுதான். அவ்வளவு பெரிய கிரகத்தின் மேல் மட்டத்தில் நிற்பவன், அதன் மையத்திலிருந்து 60,000 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறான்.

இதையே அடர்த்தி வழியாகவும் பார்க்கலாம். பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல ஐந்தரை மடங்கு. சனியின் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, 0.69 மடங்கு. பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் அது. பூமியைப் போல இரும்பும் பாறையுமாகச் சனி அதே பருமனில் இருந்திருந்தால், அங்கே எடை ஒன்பது மடங்குக்கு மேல் போயிருக்கும்.

புதனும் செவ்வாயும் இதற்கு இன்னும் நல்ல பாடம். செவ்வாயின் நிறை புதனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனாலும் இரண்டிலும் எடை ஒன்றுதான், பூமியில் உள்ளதில் 38 சதவீதம். புதன் சிறியது என்றாலும் இரும்பு உருண்டை; அதன் உலோக மையக்கரு, ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வந்துவிடும். அதன் அடர்த்தி பூமிக்கு மிக அருகில், 5.43. செவ்வாயின் அடர்த்தி 3.93 தான். செவ்வாய்க்கு நிறை கூடுதல், ஆனால் மேற்பரப்பு மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டி, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. புராஜெக்டில் இந்த ஜோடியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். "பெரிய கிரகம் என்றால் பெரிய ஈர்ப்பு" என்ற எண்ணம் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு இருக்கும்; இந்த ஒரு உதாரணமே அதைக் களைந்துவிடும்.

இப்போது 0.92-க்கு வருவோம். சனி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற பத்தரை மணி நேரம்தான் எடுத்துக்கொள்கிறது. அதன் நடுக்கோட்டில் இருக்கும் மேகம் மணிக்கு 35,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகிறது. இதில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, கிரகமே இடுப்பில் பிதுங்கிப் போயிருக்கிறது. நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 5,900 கிலோமீட்டர் அதிகம். சின்னத் தொலைநோக்கியில் பார்த்தாலே உருண்டை நசுங்கியிருப்பது தெரியும். இரண்டு, இழுப்பில் ஒரு பகுதி நம்மை அந்த வட்டத்தில் வளைத்துச் சுற்ற வைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் மெஷினில் தெரியும். அந்த மிச்சம் நடுக்கோட்டில் பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 0.92. துருவத்துக்குப் போனால் சுழற்சியின் கழிவு கிடையாது, மையமும் கிட்டத்தில் இருக்கிறது, அங்கே 1.24. நம் பையன் சனியின் நடுக்கோட்டில் 36 அரைக் கிலோ, துருவத்தில் 49 அரைக் கிலோ. ஒரே கிரகம்தான்! வியாழனும் இப்படித்தான், பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடுகிறது, நடுக்கோட்டில் 2.36 மடங்கு, துருவத்தில் 2.75 மடங்கு.

இந்த வித்தியாசம் பூமியிலும் உண்டு, அளவு மிகச் சிறியது என்பதால் நமக்குத் தெரிவதில்லை. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவில் நடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஈர்ப்பு குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். பூமி நடுவில் பிதுங்கியிருக்க வேண்டும் என்ற தன் வாதத்துக்கு நியூட்டன் 1687-ல் இந்த அளவையும் எடுத்துக்கொண்டார். இன்று நமக்குத் தெரிந்த கணக்கு: விழும் பொருளின் வேகம் நடுக்கோட்டில் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 9.78 மீட்டர் கூடுகிறது, துருவத்தில் 9.83 மீட்டர்.

நம் ஊர்க் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர் உயரத்தில், நடுக்கோட்டுக்கும் கொஞ்சம் கிட்டத்தில். இரண்டும் சேர்ந்து ஜோபர்க்கில் ஈர்ப்பை நூற்றில் 0.08 அளவுக்குக் குறைக்கின்றன. 70 கிலோ ஆள் என்3 சாலையில் வண்டி ஓட்டி மேலே போய் இறங்கினால் 50 கிராம் சொச்சம் குறைந்திருப்பார். வீட்டு மெஷினில் இது தெரியாது. ஆனால் துல்லியமான மின்னணுத் தராசுகளை வைக்கும் ஊரிலேயே சரிபார்த்துக் கொடுப்பது இதனால்தான். ஜோபர்க்கின் வாண்டரர்ஸ் மைதானத்தில் பந்து டர்பனின் கிங்ஸ்மீடைவிட அதிக தூரம் பறக்கிறது என்று கிரிக்கெட் பார்ப்பவர்கள் சொல்வார்கள், அது உண்மை. சிலர் அதற்கு ஈர்ப்பைக் காரணமாகச் சொல்கிறார்கள், அது சரியில்லை. ஈர்ப்பு ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. காற்றின் அடர்த்திதான் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. பந்தைத் தடுக்கக் காற்று போதவில்லை.

வியாழனில் நசுங்கிவிடுவோமா? இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்குக்கும் கால் வைக்கத் தரை கிடையாது. காற்றழுத்தம் பூமியின் கடல் மட்டத்தில் இருக்கும் அளவுக்கு வரும் மட்டத்தை மேற்பரப்பு என்று ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டுதான் இந்த எண்களையெல்லாம் கொடுக்கிறார்கள். அந்த மட்டத்தில் ஒரு பலூனில் தொங்கிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டால், 40 கிலோ பையனுக்கு இன்னும் 60 கிலோ சுமையை உடம்பு முழுக்கக் கட்டிவிட்டது போல இருக்கும். எழுந்து நிற்பது பெரும்பாடு, ஆனால் எலும்பு நொறுங்காது. ஆளைக் கொல்லப்போவது ஈர்ப்பு அல்ல. கீழே போகப் போக ஏறும் அழுத்தமும் வெப்பமும்தான். 1995 டிசம்பர் 7-ல் கலிலியோ விண்கலத்திலிருந்து பிரிந்த ஆய்வுக் கருவி வியாழனுக்குள் பாராசூட்டில் இறங்கியது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகச் செய்தி அனுப்பிவிட்டு அடங்கிப்போனது. அப்போது அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தைப் போல 20 மடங்கைத் தாண்டியிருந்தது.

இன்னொரு ஜோடியையும் சொல்லாமல் விட மனமில்லை. வெள்ளியிலும் யுரேனஸிலும் எடை ஒன்றே என்று மேலே பார்த்தோம். அப்படியானால் இரண்டிலிருந்தும் ஒரே வேகத்தில் கிளம்பித் தப்பிவிடலாமா? முடியாது. வெள்ளியைவிட்டு வெளியேற நொடிக்கு 10.4 கிலோமீட்டர் வேகம் போதும், யுரேனஸுக்கு 21.3 வேண்டும். சனிக்கு 35 அரை, பூமிக்கு 11.2 தான். பெரிய கிரகத்தில் மேலே ஏற ஏற ஈர்ப்பு சீக்கிரம் குறைவதில்லை. பூமியில் 6,400 கிலோமீட்டர் ஏறினால் இழுப்பு நாலில் ஒன்றாகிவிடும். சனியில் அதே நாலில் ஒன்றைப் பார்க்க 60,000 கிலோமீட்டர் ஏறவேண்டும். காலடியில் உணரும் இழுப்பு ஒன்றாக இருந்தாலும், ஏறவேண்டிய தூரம் அங்கே பத்து மடங்கு.

பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லை என்று நினைப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான் பதில். அது பறப்பது 400 கிலோமீட்டர் உயரத்தில். அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி உச்சியில் மெஷின் வைத்தால் நம் பையன் 35 கிலோவுக்கு மேல் இருப்பான். நிலையத்துக்குள் எல்லோரும் மிதப்பது, நிலையமும் அவர்களும் சேர்ந்து பூமியை நோக்கி ஓயாமல் விழுந்துகொண்டே, பக்கவாட்டு வேகத்தால் பூமியைச் சுற்றிச் சுற்றிப் போவதால்தான்.

அடுத்து, எப்படி அளந்தார்கள் என்ற கேள்வி. நிலா உள்ள கிரகம் என்றால் எளிது. நிலா எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால் கிரகத்தின் நிறை வந்துவிடும். வியாழன், சனி எல்லாம் நியூட்டன் காலத்திலேயே இந்தக் கணக்கில் வந்தவை. புதனுக்கும் வெள்ளிக்கும் நிலா இல்லை. அவற்றின் நிறை சரியாகப் பிடிபட்டது விண்கலங்கள் பக்கத்தில் போன பிறகுதான்: வெள்ளிக்கு 1962-ல் மரினர் 2, புதனுக்கு 1974-ல் மரினர் 10. கிரகம் இழுக்கும்போது கலத்தின் வேகம் மாறும். வேகம் மாறினால் அது அனுப்பும் வானொலி அலையின் அதிர்வெண் துளி மாறும். அந்தத் துளி மாற்றத்தைப் பூமியில் இருக்கும் பெரிய ஆன்டெனா பிடித்து அளக்கிறது.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு, பையன் தாராளமாக எழுதலாம். ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் ஹார்ட்டபீஸ்ஹூக்கில் 1961-ல் நாசா ஒரு ஆன்டெனா நிலையம் அமைத்தது. 26 மீட்டர் விட்டம். நிலாவுக்குப் போன ரேஞ்சர், சர்வேயர் கலங்களையும், வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் போன மரினர் கலங்களையும் அங்கிருந்து பின்தொடர்ந்தார்கள். 1974-ல் நாசா விலகிய பிறகு அது தென்னாப்பிரிக்காவின் வானொலி வானியல் ஆய்வகமாகி, அதே ஆன்டெனாவைத் தொடர்ந்து பயன்படுத்தியது.

அதற்கும் இருநூறு வருடம் முன்பே, ஈர்ப்பு இந்த மண்ணில் ஒரு பெரிய வானியலாளரை ஏமாற்றியிருக்கிறது. லகாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1751-ல் கேப் டவுனுக்கு வந்தார். பூமியின் தெற்குப் பாதி எப்படி வளைந்திருக்கிறது என்று வடக்கு நோக்கி ஒரு நீண்ட கோட்டை அளந்தார். பூமியின் தெற்குப் பாதி வடக்குப் பாதியைப் போல இல்லை என்பது போல விடை வந்தது. அளந்தவர் மிகக் கவனமானவர். யாருக்கும் காரணம் விளங்கவில்லை. 1820-ல் உடம்பு சரியில்லாமல் இந்தியாவிலிருந்து ஓய்வுக்காக கேப்புக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த இடங்களைப் போய்ப் பார்த்தார். 1802-ல் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கிய பெரும் நில அளவையில் லாம்ப்டனுக்குத் துணையாக இருந்தவர் அவர். கோட்டின் ஒரு முனையில் டேபிள் மலை, மறுமுனையிலும் மலைகள். தூக்குக்குண்டு நூலை மலைகள் தம் பக்கம் இழுத்துவிட்டன, அதனால் நேர்கீழ் என்று எடுத்துக்கொண்ட திசையே கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று அவர் சந்தேகித்தார். 1840-களில் கேப் வானியலாளர் மெக்லியர் மறுபடி அளந்து, சந்தேகம் நியாயமானது என்று காட்டினார். ஒரு மலைகூட நூலைத் தன் பக்கம் இழுக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

நிலாவைப் பற்றி ஒரு விஷயம். அங்கே எடை ஆறில் ஒன்று என்றதும் எல்லாம் சுலபம் என்று தோன்றும். தூக்குவது சுலபம்தான். ஆனால் நிறை மாறவில்லை. ஓடும் உடம்பை நிறுத்தவும் திருப்பவும் பூமியில் எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவு நிலாவிலும் வேண்டும். கால் தரையைப் பிடிக்கும் பிடிப்போ ஆறில் ஒன்றாகிவிட்டது. அதனால்தான் அப்போலோ விண்வெளி வீரர்கள் துள்ளித் துள்ளி நடந்தார்கள், அடிக்கடி விழுந்தார்கள். 1971 ஆகஸ்ட் 2-ல் அப்போலோ 15-ன் டேவிட் ஸ்காட் ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் வல்லூறு இறகும் பிடித்து ஒரே நேரத்தில் கைவிட்டார். காற்றில்லாத இடம், இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்த வீடியோவைப் பையனுக்குக் காட்டுங்கள். விழும் வேகம் பொருளின் நிறையைப் பொறுத்ததில்லை என்பது அதைப் பார்த்தாலே மனதில் ஏறிவிடும்.

ஈர்ப்பு கூடினால்தான் காற்று தங்கும் என்று புத்தகத்தில் இருந்தால், அதைப் பாதி உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சனியின் நிலா டைட்டனில் ஈர்ப்பு நம் நிலாவைவிடவும் குறைவு. ஆனாலும் அங்கே காற்றழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு. குளிர்தான் காரணங்களில் முக்கியமானது: சுழியத்துக்குக் கீழே 179 டிகிரி. குளிர்ந்த வாயு மூலக்கூறுகள் மெதுவாக ஓடுகின்றன, தப்பிப்போக வேகம் போதாது.

சரி, அட்டவணையில் எதை எழுதுவது? 1.06 என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "சுழற்சியைச் சேர்க்காமல். சேர்த்தால் நடுக்கோட்டில் 0.92." ஆசிரியர் கேட்டால் விளக்க இப்போது அவனுக்குத் தெரியும்.

முடிந்தால் ஒரு சோதனையும் செய்து பார்க்கட்டும். ஒரு நூலில் சின்னக் கனமான பொருள் ஒன்றைக் கட்டி, நூலின் பிடிப்பிலிருந்து பொருளின் நடு வரைக்கும் சரியாக ஒரு மீட்டர் இருக்குமாறு தொங்கவிடவேண்டும். கொஞ்சமாக மட்டும் விலக்கி விட்டு, போய்த் திரும்பி வருவதை ஒன்று என்று 20 ஆட்டம் எண்ண வேண்டும். டர்பனில் 40 நொடிக்குச் சற்று மேல் ஆகும். செவ்வாயில் இதே ஊசலுக்கு 65 நொடி, நிலாவில் 99, வியாழனில் 25. அளந்த நொடியை 20-ஆல் வகுத்தால் ஒரு ஆட்டத்துக்கான நேரம். அதை அதனாலேயே பெருக்கி, 39.5-ஐ அந்த எண்ணால் வகுத்தால் டர்பனின் ஈர்ப்பு கிடைக்கும். விடை 9.6-க்கும் 10-க்கும் நடுவில் வந்தால் பையன் நன்றாகவே அளந்திருக்கிறான். விடை அதற்கு வெளியே போனால் நூலின் நீளத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும்.